சிங்கப்பூரில் வீட்டுக் கோழி முட்டையை விற்கலாமா? கூண்டிலிருந்து உரிமம் வரை முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கேள்வி வந்துவிடும். "அக்கா, உங்க வீட்டுக் கோழி முட்டை இருக்கா? சும்மா வேண்டாம், காசு கொடுத்தே வாங்கிக்கிறேன். கேக் போடணும்." கேட்பவருக்கு அந்த ஆழ்ந்த மஞ்சள் கரு வேண்டும். என் குளிர்பதனப் பெட்டியிலோ முப்பது முட்டை இருக்கிறது. ஆனாலும் நான் ஒரு காசும் வாங்குவதில்லை. கஞ்சத்தனமோ பெருந்தன்மையோ காரணம் இல்லை. சிங்கப்பூரில் வீட்டுத் தோட்டத்தில் கோழி வளர்ப்பவர் அந்த முட்டையை விற்கக்கூடாது.

இந்த ஒரு வரி போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஏன் கூடாது, எதுவரை கூடும், எது விற்பனை என்று எண்ணப்படும், உண்மையிலேயே விற்க ஆசைப்பட்டால் எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்காக, எட்டு ஆண்டுகளாகக் கோழி வளர்த்துக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. யூடியூபில் வீட்டு முட்டை வியாபாரம் பற்றிக் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ எடுக்கப்பட்டவை. பிரிட்டனில் 50 கோழிகளுக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு வளர்ப்பாளர்களுக்கு முத்திரை குத்துவது முதலான சில விதிகளில் விலக்கு உண்டு. வீட்டு வாசலில் மேசை போட்டுத் தங்கள் முட்டையை விற்கிறார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டம். அந்தச் சலுகைகளில் ஒன்றுகூட இங்கே செல்லாது. தமிழ்நாட்டில் ஊர்ப்பக்கம் பெரியம்மா வீட்டில் பத்து முட்டையைத் துணிப்பையில் போட்டுச் சந்தைக்கு எடுத்துப்போன நினைவும் இங்கே உதவாது.

முதல் படி: எந்த அலுவலகம் எதைப் பார்க்கிறது

2019 மார்ச் மாதம் வரை கோழி, முட்டை இரண்டையும் ஒரே ஆணையம் கவனித்தது. வேளாண் உணவு, விலங்கு மருத்துவ ஆணையம் அது, ஏவிஏ என்று சொன்னால் இங்கே எல்லாருக்கும் தெரியும். 2019 ஏப்ரல் 1-இல் அது கலைக்கப்பட்டு, வேலை இரண்டாகப் பிரிந்தது. உயிருள்ள கோழி, அதன் நோய், அதன் நலம் எல்லாம் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவுக்குப் போயின. முட்டை உணவாக மாறும் இடத்தில் சிங்கப்பூர் உணவு அமைப்பு வருகிறது. உணவுப் பண்ணைகளுக்கு உரிமம் தருவதும் அதுதான். இன்றும் பழைய ஆணையத்தின் பெயரைச் சொல்லிப் பழைய விதிகளை மேற்கோள் காட்டும் பக்கங்கள் இணையத்தில் ஏராளம். எதைப் படித்தாலும் தேதியைப் பாருங்கள்.

இவை தவிர வேறு சில அமைப்புகளும் உண்டு. அரசாங்க அடுக்குமாடி வீடு என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக). கொசு, எலி, நாற்றம் என்றால் தேசிய சுற்றுப்புற வாரியம். நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்றால் நகர மறுசீரமைப்பு ஆணையம்.

சட்டத்தைப் பொறுத்தவரை இன்னொன்றும் மாறிக்கொண்டிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு, உணவு மீள்திறன் மசோதா 2025 ஜனவரி 8-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எட்டுச் சட்டங்களில் சிதறிக் கிடந்த உணவு விதிகளை அது ஒரே சட்டத்தின்கீழ் கொண்டுவருகிறது. 2028-க்குள் கட்டங்கட்டமாக முழுமையாக நடப்புக்கு வரும். ஆகவே உரிமத்தின் பெயரோ படிவமோ நீங்கள் விண்ணப்பிக்கும் நேரத்தில் மாறியிருக்கலாம். விண்ணப்பிக்கும் முன் உணவு அமைப்பின் இணையப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் வீடு எந்த வகை

வீவக வீட்டில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. சேவல் இல்லை, பெட்டை மட்டும்தான் என்றாலும் இல்லை. பூனைக்கு 2024 செப்டம்பரில் கதவு திறந்தது உண்மைதான். அது கோழிக்குப் பொருந்தாது. தாழ்வாரத்தில் கூண்டு வைப்பது, கீழ்த்தளப் புல்வெளியில் விட்டு வளர்ப்பது, சமூகத் தோட்டத்தின் மூலையில் ஒளித்து வைப்பது என்று எந்த வழியிலும் முயலாதீர்கள். புகார் வரும். வந்தால் பறவைகள்தான் முதலில் பாதிக்கப்படும்.

காண்டோ எனப்படும் கூட்டுரிமை வீடுகளில் நிர்வாகக் குழுவின் துணைவிதிகள் இருக்கும். பொது இடத்தில் கோழிக்கு இடம் கொடுத்த நிர்வாகத்தை நான் கண்டதில்லை. தரைத்தளத்தில் தனித் தோட்டம் இருந்தாலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தனி மனையில் நிற்கும் தனியார் தரைவீடுதான் வசதியான இடம். வாடகைக்கு இருப்பவர் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். அரசாங்கத்திடம் வாடகைக்கு எடுத்த பழைய பங்களாவில் இருப்பவர்கள் மரமும் புல்லும் நிறைய இருக்கிறதே என்று நினைக்கலாம். அங்கேயும் வாடகை நிபந்தனை முதலில்.

மூன்றாம் படி: பத்து என்ற எண்

உரிமம் இல்லாமல் ஒரு வீட்டில் வளர்க்கக்கூடிய கோழி இனப் பறவைகள் அதிகம் போனால் 10. ஆளுக்குப் பத்து அல்ல, வீட்டுக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வாத்தையும் சேர்த்து எண்ணுங்கள். குஞ்சும் பறவைதான். நாலு கோழி இருக்கும் வீட்டில் ஒன்று அடைகாத்து ஏழு குஞ்சு பொரித்தால் கணக்கு மீறிவிடும்.

எண்ணிக்கை பலருக்குத் தெரிந்திருக்கிறது. அதோடு ஒட்டிய சொல்லைத்தான் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பத்து வணிக நோக்கம் இல்லாத வளர்ப்புக்கு மட்டும். விலக்குக்கு இரண்டு கால்கள்: ஒன்று எண்ணிக்கை, மற்றொன்று நோக்கம். எதை எடுத்தாலும் விலக்கு விழுந்துவிடும். பதினொன்று வைத்து ஒரு முட்டையும் விற்காதவரும் தவறு செய்கிறார். மூன்று மட்டும் வைத்து வாரம் பத்து முட்டை விற்பவரும் தவறு செய்கிறார். "நம்மிடம் இருப்பதே நாலு கோழி, இதை யார் கேட்கப் போகிறார்கள்" என்ற பேச்சு சட்டத்தின் கண்ணில் நிற்காது.

கணக்குப் போட்டால் சிக்கல் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். நல்ல பருவத்தில் இருக்கும் ஒரு முட்டைக் கோழி ஒரு நாளுக்குச் சற்று அதிகமான இடைவெளியில் ஒரு முட்டை இடும். எட்டுப் பெட்டைகள் இருந்தால் நாளுக்கு ஐந்தோ ஆறோ கிடைக்கும், வாரத்துக்கு நாற்பது. நான்கு பேர் இருக்கும் வீட்டில் நாற்பது முட்டையை யார் சாப்பிடுவது? அந்த உபரிதான் ஆசையைத் தூண்டுகிறது. அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது: மூன்று அல்லது நான்கு பெட்டையோடு தொடங்குங்கள். உங்கள் அடுப்படி எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு கோழி போதும்.

சேவல் வேண்டாம். முட்டை இடப் பெட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்கத்தான் தேவை. விடிகாலை நான்கரைக்குக் கூவும் சேவலை ஒட்டுச்சுவர் வீட்டில் வைத்திருப்பது அண்டை வீட்டாரிடம் சண்டையை விலைக்கு வாங்குவது. 2017-இல் சின் மிங் வட்டாரத்தில் சுதந்திரமாகத் திரிந்த 24 கோழிகள் பிடித்துக் கொல்லப்பட்டதும், அதைப் பற்றி நாடே விவாதித்ததும் நினைவிருக்கலாம். அந்தப் பேச்சில் முதலில் அடிபட்டது கூவல் சத்தம் பற்றிய புகார்தான்.

நான்காம் படி: கூண்டு

இதில் அவசரப்படாதீர்கள். வீட்டுக் கோழி காட்டுப் பறவையோடு கலக்கக்கூடாது என்பதுதான் இங்குள்ள விதிகளின் உயிர். கூண்டின் நான்கு பக்கமும் மேற்புறமும் கம்பி வலை வேண்டும். கண்ணி எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்றால் சிட்டுக்குருவி நுழையக்கூடாது. மேலே கூரை வேண்டும். வலை மட்டும் போட்டால் மேலே கிளையில் உட்காரும் மைனாவின் எச்சம் தண்ணீர்ப் பாத்திரத்தில் விழும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? வரைபடத்தைப் பாருங்கள். வட ஆசியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பறந்து போகும் வலசைப் பறவைகளின் பாதையில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஆண்டுதோறும் சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் அவை இறங்குகின்றன. பறவைக் காய்ச்சல் கிருமி அவற்றோடு பயணம் செய்யக்கூடியது. 2004 ஆகஸ்டில் மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி கண்டறியப்பட்டபோது அங்கிருந்து கோழியும் முட்டையும் வருவது நின்றது. அந்த வாரங்களில் ஈரச்சந்தையில் கோழிக் கடைகள் மூடிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாட்டின் சாப்பாட்டுத் தட்டையே அது ஆட்டிவிடும். பத்துக் கோழி வைத்திருக்கும் வீடு அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகிவிடக் கூடாது.

என் கூண்டு ஆறடி நீளம், நாலடி அகலம். அடியில் சிமெண்டுத் தரை, அதன்மேல் மரத்தூள். தரையைச் சுற்றி அரையடி ஆழத்துக்கு வலையைப் புதைத்திருக்கிறேன். அப்படிச் செய்யாமல் விட்ட முதல் வருடம் எலி தோண்டி உள்ளே வந்தது. தீவனப் பாத்திரத்தை இரவில் எடுத்து மூடி வைப்பேன். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் காலையில் கொட்டி, விளிம்பைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுவேன். தேய்ப்பது முக்கியம்: டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் கறுப்புப் புள்ளியாக ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். கோழிக்கு வைத்த தண்ணீர் என்ற சமாதானம் எடுபடாது.

கோழி திடீரென்று சுணங்கினாலோ, கொண்டை நீலம் பாரித்தாலோ, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று செத்தாலோ, பேசாமல் புதைத்துவிடாதீர்கள். விலங்கு மருத்துவச் சேவைக்குத் தெரிவியுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள்.

வீட்டில் பணிப்பெண் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். அவருடைய வேலை அனுமதி வீட்டு வேலைக்கு மட்டும். வியாபாரம் எதிலும் அவரை ஈடுபடுத்துவது மனிதவள அமைச்சின் விதிக்குப் புறம்பானது. முட்டை விற்கத் தொடங்கினால் இந்தப் பக்கமும் ஒரு தவறு சேர்ந்துகொள்ளும்.

ஐந்தாம் படி: எது விற்பனை

இங்கேதான் நல்ல மனிதர்கள் தடுக்கி விழுகிறார்கள். காசு கைமாறினால்தான் விற்பனை என்று நினைக்கிறோம். உணவு விற்பனைச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வலை பெரியது. பண்டமாற்றும் அதில் அடங்கும். விற்பதற்காக வைத்திருப்பதும், விற்கிறேன் என்று முன்வருவதும் அடங்கும்.

வாட்ஸ்அப் குழுவில் "கம்பத்துக் கோழி முட்டை, பத்து முட்டை ஐந்து வெள்ளி, தேக்காவில் வந்து வாங்கிக்கொள்ளலாம்" என்று ஒரு படத்தோடு போடுகிறீர்கள். யாரும் வாங்கவில்லை. ஆனாலும் விற்க முன்வந்தது எழுத்தில் நிற்கிறது.

"விலை இல்லை, தீவனச் செலவுக்கு ஏதாவது கொடுங்கள்" என்கிறீர்கள். செலவுக்கு வாங்குவதும் வாங்குவதுதான்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒவ்வொரு வாரமும் முட்டை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு மூட்டைத் தீவனம் இறக்கிவிட்டுப் போகிறார். பேசி வைத்த ஏற்பாடு என்றால் அது பண்டமாற்று. பொங்கலுக்கு நீங்கள் முட்டை கொடுக்க, அவர் தன் வீட்டு வாழைத்தாரைத் தருகிறார் என்றால், அது அக்கம்பக்கத்து உறவு. பேரம் பேசியிருக்கிறீர்களா, இதற்கு இது என்று முடிச்சுப் போட்டிருக்கிறீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது கேக். நம்மவர்களில் பலர் தீபாவளிக்கு வீட்டிலிருந்தே பட்டர் கேக், பலகாரம் செய்து விற்கிறார்கள். வீட்டிலிருந்து சிறு அளவில் உணவு செய்து விற்க உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை. வீடு சார்ந்த சிறு தொழில் திட்டத்தின் நிபந்தனைகளையும் உணவுச் சுகாதார வழிகாட்டிகளையும் பின்பற்றினால் போதும். ஆனால் பொருள்களை அங்கீகரிக்கப்பட்ட இடத்திலிருந்து வாங்க வேண்டும் என்பது அந்த வழிகாட்டிகளில் ஒன்று. உங்கள் தோட்டத்துக் கோழி அங்கீகரிக்கப்பட்ட இடம் ஆகாது. கேக்கை விற்கலாம், முட்டை கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் "எங்கள் வீட்டுக் கோழி முட்டையில் செய்தது" என்பதையே விளம்பரமாகப் போட்டிருந்தார். அன்போடுதான் போட்டார். வாடிக்கையாளர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு நீக்கினார். இப்போது ரசீதைப் பாதுகாப்பாக வைத்திருக்கிறார்.

காட்டுக் கோழியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாசிர் ரிஸ், புலாவ் உபின் பக்கம் புதரில் முட்டை கிடப்பதைப் பார்த்து எடுத்து வருபவர்கள் உண்டு. கால் சாம்பல் நிறம், வால் அடியில் வெள்ளைத் திட்டு, காதோரம் வெள்ளை. இப்படி இருந்தால் அது சிவப்புக் காட்டுக்கோழி, நம் மண்ணின் பறவை. வனவிலங்குச் சட்டத்தின்கீழ் அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். வனவிலங்குக்குத் தீனி போட்டாலே முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம். முட்டையை அதன் இடத்தில் விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஆறாம் படி: கொடுக்கும்போது

அன்பளிப்பாகக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கொடுக்கும் முட்டை யாரையும் படுக்கையில் தள்ளக் கூடாது. சால்மோனெல்லா என்டெரிடிடிஸ் என்ற கிருமியைப் பற்றித் தெரிந்தால் இந்தப் பொறுப்பு புரியும். அந்தக் கிருமி ஓட்டின்மேல் இருக்கும் அழுக்கில் மட்டும் வாழ்வதில்லை. கோழியின் கரு உருவாகும் சூலகத்திலேயே இருந்தால், ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். கோழி நோயின் அறிகுறி எதையும் காட்டாது. முட்டையும் அழகாக, மணமாக இருக்கும்.

நம் வீட்டில் ஒரு பரிசோதனை உண்டு: கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி முட்டையைப் போடுவார்கள். படுத்தால் புதியது, நின்றால் பழையது, மிதந்தால் தூக்கிப் போடு. என் அம்மா இன்றும் செய்வார். நாள் ஆக ஆக முட்டைக்குள் காற்றறை பெரிதாவதால் அது மிதக்கிறது. வயதைக் கண்டுபிடிக்க நல்ல முறை. கிருமி இருக்கிறதா என்பதை அந்தக் கிண்ணம் சொல்லாது. இன்று காலை இட்ட முட்டை, அடியில் சப்பென்று படுத்திருக்கும் முட்டை, அதுவும் நோய் தரலாம்.

அதனால் நான் இப்படிச் செய்கிறேன். காலை ஏழு மணிக்கும் மாலையிலும் முட்டையை எடுத்துவிடுவேன். மதிய வெயிலில் கூண்டுக்குள் கிடக்க விடுவதில்லை. எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைப்பேன். ரொம்ப அழுக்கானதை யாருக்கும் தருவதில்லை. ஓட்டின்மேல் இயற்கையாக ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் அது போய் அழுக்கு நுண்துளை வழியே உள்ளே இழுக்கப்படும். பென்சிலால் தேதி எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பேன். ஒருமுறை உள்ளே வைத்ததை வெளியே வைப்பதில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓடு வியர்த்துவிடும்.

கொடுக்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்வேன்: "நல்லா வேகவெச்சு சாப்பிடுங்க." கோப்பிக் கடையில் காயா ரொட்டியோடு சாப்பிடும் அரைவேக்காட்டு முட்டை நமக்குப் பழகிய ருசி. ஆனால் என் வீட்டு முட்டையை யாரும் பரிசோதிக்கவில்லை. மஞ்சள் கரு இறுகும்வரை வேக வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி, கைக்குழந்தை, வயதானவர், சிகிச்சையில் இருப்பவர் உள்ள வீட்டுக்குக் கொடுக்கும்போது இதை இருமுறை சொல்வேன்.

கடை முட்டையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். மலேசியாவிலிருந்து வரும் முட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஓட்டின்மேல் சின்ன எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். எந்தப் பண்ணை என்பதை அது சொல்லும். 2021-இல் சில மலேசியப் பண்ணைகளின் முட்டையில் சால்மோனெல்லா கண்டறியப்பட்டபோது, உணவு அமைப்பு அந்தக் குறியீட்டை அறிவித்து அவற்றை மட்டும் திரும்பப் பெற வைத்தது. மற்ற பண்ணைகளின் முட்டை கடையிலேயே இருந்தது. நம் வீட்டு முட்டையில் அப்படி ஒரு முகவரி இல்லை. பத்துப் பேருக்கு விற்று, இருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், மீதி எட்டுப் பேரைத் தேடிப் பிடிக்க வழி இல்லை. என்னைச் சமாதானப்படுத்திய காரணம் இதுதான். இந்த விதி கடுமை என்று நானும் முதலில் முணுமுணுத்தவள். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் நெருக்கி வாழும் தீவில் தடம் இல்லாத முட்டை கைமாறக் கூடாது என்பதை இப்போது முழு மனதோடு ஏற்கிறேன்.

ஏழாம் படி: உண்மையிலேயே விற்க வேண்டும் என்றால்

அப்படியானால் நீங்கள் பண்ணை வைக்க வேண்டும். இடைப்பட்ட வழி, சிறு வளர்ப்பாளர் உரிமம் என்ற ஒன்று இல்லை.

முதலில் நிலம். தரைவீட்டு மனை குடியிருப்புக்கு என்று ஒதுக்கப்பட்டது. அங்கே பண்ணை நடத்த முடியாது. விவசாயத்துக்கு ஒதுக்கிய நிலம் வேண்டும். அது லிம் சூ காங், சுங்கை தெங்கா போன்ற வட்டாரங்களில் இருக்கிறது. அரசாங்க நிலத்தை ஏலக்குத்தகையில் எடுப்பதே வழக்கம், 20 ஆண்டுக் குத்தகை. பிறகு உணவு அமைப்பின் பண்ணை உரிமம், அதற்கு விண்ணப்பம் அரசாங்கத்தின் கோபிசினஸ் இணையத்தளத்தின் வழியே. கட்டடத் திட்டம், கழிவு நீர், கோழி எச்சத்தை அகற்றும் முறை, காட்டுப் பறவை புகாத கொட்டகை, உள்ளே நுழைபவருக்குக் கிருமிநீக்க ஏற்பாடு, தொடர்ந்த நோய்ப் பரிசோதனை, முட்டை எங்கே போனது என்ற பதிவேடு எல்லாம் காட்ட வேண்டும்.

இதன் அளவைப் புரிந்துகொள்ள ஒன்று சொல்கிறேன். பல ஆண்டுகளாக இந்த நாட்டுக்கு உள்ளூர்க் கோழி முட்டையைத் தந்தவை மூன்றே மூன்று பண்ணைகள்: செங் சூன், சியூஸ், என் அண்ட் என். நாம் சாப்பிடும் முட்டையில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு உள்ளூரில் கிடைத்தது அவற்றால்தான். லட்சக்கணக்கான கோழிகள், இயந்திரம் பிரித்தெடுக்கும் முட்டைகள். ஆர்வம் இருக்கும் இளையர்களை நான் தடுக்க மாட்டேன். ஆனால் பத்துக் கோழியிலிருந்து மெல்ல மெல்ல வளர்ந்து அங்கே போய்ச் சேரும் ஏணி இங்கே கிடையாது. தொடக்கமே பெரிய முதலீடு. குத்தகையில் கையெழுத்திடும் முன் உணவு அமைப்பின் அதிகாரிகளிடம் நேரில் பேசுங்கள்.

முட்டை வியாபாரம்தான் ஆசை, கோழி வளர்ப்பது முக்கியமில்லை என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. இறக்குமதி செய்து விற்கலாம். அதற்கு உணவு அமைப்பின் இறக்குமதி உரிமமும், வரும் ஒவ்வொரு சரக்குக்கும் தனி அனுமதியும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற பண்ணையிலிருந்து மட்டுமே தருவிக்கலாம். ஜோகூரில் தெரிந்தவர் பண்ணையிலிருந்து காரின் பின்பெட்டியில் ஏற்றி வந்து விற்பது சட்டவிரோத இறக்குமதி. தெருவோரத்தில் கூடை வைத்து விற்பதற்கும், ஈரச்சந்தையில் கடை போடுவதற்கும் உரிமம் தேவை. தொழிலைக் கடைப்பெயரில் நடத்தினால் தொழில்களைப் பதிவுசெய்யும் அரசாங்க ஆணையமான அக்ராவில் பதிய வேண்டும். அடையாள அட்டையில் இருக்கும் முழுப்பெயரில் நடத்தும் தனிநபருக்கு அந்தப் பதிவு தேவையில்லை.

கோழியை அறுத்து இறைச்சியாக விற்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். அறவே கூடாது. விற்பனைக்கான இறைச்சி உரிமம் பெற்ற அறுப்புக்கூடத்திலிருந்துதான் வர வேண்டும்.

கடைசிப் படி: முட்டை நின்ற பிறகு

இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. பெட்டை இரண்டு மூன்று ஆண்டு நன்றாக முட்டை இடும். பிறகு வாரத்துக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, அப்புறம் நின்றுவிடும். ஆனால் அது ஏழெட்டு ஆண்டு உயிர்வாழும். உங்கள் பத்தில் ஐந்து கிழக் கோழியாக இருக்கும்போது புதுக் கோழி வாங்க இடம் இருக்காது. அந்த நேரத்தில்தான் சிலர் இருட்டில் பூங்காவில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். கைவிடுவது குற்றம், முதல் முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். அதைவிட, கூண்டில் வளர்ந்த கோழிக்கு இரவில் எங்கே ஒண்டுவது என்று தெரியாது. தரைவீட்டில் இருக்கும் வேறொருவர் எடுத்துக்கொள்வாரா என்று விசாரிக்கலாம். அவருக்கும் அதே பத்துதான் கணக்கு. ஆகவே கோழி வாங்கும் நாளிலேயே கடைசி வரை சோறு போடுவோமா என்று வீட்டில் எல்லாரும் பேசி முடிவெடுத்துவிடுங்கள்.

என் முதல் கோழிகளில் இரண்டு இன்னும் இருக்கின்றன. முட்டை நின்று மூன்று வருடம் ஆகிறது. காலையில் கூண்டைத் திறந்தால் அவைதான் முதலில் வந்து காலைக் கொத்தும்.